செட்டின் எண்ணும் காரின் எண்ணும்: பூட்டிக்கொண்ட கார் ரேடியோ ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஜனவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் நான் மின்வேலை பார்க்கும் கராஜுக்கு 2008ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஒன்று வந்தது. முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்தது. பற்றரி மூன்று நாளுக்கு முன் மாற்றியது. மீட்டரை வைத்துப் பார்த்தபோது 12.6 வோல்ட் காட்டியது. ஹீட்டர், விளக்குகள், வைப்பர் எல்லாம் சரியாக இருந்தன. ரேடியோ மட்டும் ஊமையாகக் கிடந்தது. பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு பிழைக் குறி வந்து நிற்கும்; அதற்கு மேல் எந்தப் பொத்தானுக்கும் அது அசையாது.

காரின் சொந்தக்காரி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்யும் ஓர் அக்கா. காலை ஏழு மணி வேலைக்கு இருட்டோடு இருட்டாகப் புறப்படுபவர். "ரேடியோதானே என்று எல்லோரும் சொல்கிறார்கள், தம்பி. அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு குஞ்சு குருமான் இருக்காது. யாராவது தமிழில் கதைத்துக்கொண்டு வந்தால் தூரம் தெரியாது" என்றார். அந்தச் சொல்லுக்காகவே இந்த வேலையை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய செட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பூட்டுங்கள் என்று சொல்வது எங்கள் தொழிலில் எளிது. ஆனால் அவருடைய செட்டில் பழுது எதுவும் இல்லை. பூட்டைத் திறக்கும் எண் மட்டும் கிடைக்கவில்லை.

நடந்ததை நாள்வாரியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஞாயிறு இரவு கடும் குளிர். திங்கள் காலை கார் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் போட்டுக் கிளப்பிவிட்டார். பற்றரிகளின் குளிர்த் திறனை மைனஸ் 18 பாகையில்தான் அளந்து மேலே அச்சிடுகிறார்கள். ஆறேழு குளிர்காலம் கண்ட ஒரு பற்றரியிடம் அந்தக் குளிரில் அச்சிட்ட திறனை எதிர்பார்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை ஒரு கடையில் புதிய பற்றரி போட்டார்கள். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. பழைய பற்றரியின் கம்பியைக் கழற்றுமுன் ரேடியோவின் கோட், அதாவது பூட்டைத் திறக்கும் இரகசிய எண், இருக்கிறதா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பொத்தானை அழுத்தியபோதுதான் திரையில் 'கோட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டார்.

அன்று மாலை மகன் காருக்குள் தேடினான். டாஷ்போர்டில் இருக்கும் கையறைப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு சிறிய வெள்ளை ஸ்டிக்கர் இருந்தது. அதில் இரண்டு எண்கள்: எட்டு இலக்கம் கொண்ட ஒன்று, ஐந்து இலக்கம் கொண்ட ஒன்று. ஐந்து இலக்கந்தான் கோட் என்று சரியாகவே புரிந்துகொண்டு அழுத்தினான். பிழை. மறுபடியும் அழுத்தினான். பிழை. அப்பா ஒருமுறை, மருமகன் ஒருமுறை என்று எல்லோரும் முயன்று பார்த்தபின் செட் முழுதாக அடங்கிவிட்டது. புதன்கிழமை அக்கா டீலரைத் தொலைபேசியில் அழைத்து, காரின் வாகன எண்ணைச் (நம்பர் பிளேட் எண் அல்ல, தொழிற்சாலை காருக்கு இட்ட அடையாள எண்) சொல்லிக் கோட் கேட்டார். அங்கிருந்து வந்ததும் அதே ஐந்து இலக்கம். அப்படியென்றால் செட்தான் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள்.

இந்த முடிவு எப்படிப் பிழையானது என்பதுதான் இந்த ஆய்வு.

பூட்டு எப்படி விழுகிறது

செட்டுக்குள் இரண்டு வகை நினைவு இருக்கிறது. ஒன்று, மின்சாரம் போனாலும் அழியாத சிறு சிப். கோட் அதில் குடியிருக்கிறது. மற்றொன்று, பற்றரியோடு எந்நேரமும் இணைந்திருக்கும் ஒரு கம்பியின் தயவில் உயிர் வாழும் நினைவு. நாம் சேமித்து வைத்த நிலையங்கள், நேரம், 'நான் என் இடத்தில்தான் இருக்கிறேன்' என்ற அடையாளம் எல்லாம் அதில் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் வரும் மின்சாரம் வேறு. இந்தக் கம்பி வேறு. கார் நிறுத்திக் கிடக்கும்போதும் இதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கம்பி அறுந்தால் அந்த அடையாளம் போய்விடும். மீண்டும் மின்சாரம் கிடைக்கும்போது செட்டுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: இடையில் உயிர் போய் வந்திருக்கிறது. பற்றரியை மாற்றினார்களா, கள்ளன் கம்பியை வெட்டினானா என்று பிரித்தறிய அதற்கு வழி இல்லை. ஆகவே இரண்டுக்கும் ஒரே கேள்வியைக் கேட்கிறது.

இந்தச் சந்தேகம் ஏன் அதற்குள் வைக்கப்பட்டது என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. கார் ரேடியோக்களின் முகப்பு ஒரு காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது: 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். ஜெர்மன் தரக் கழகத்தின் பெயரால் 'டின்' அளவு என்று இன்றும் சொல்கிறோம். எந்தச் செட்டும் எந்தக் காரிலும் பொருந்தும் என்பது வாங்குபவருக்கு வசதி. திருடுபவருக்கு அதைவிட வசதி. ஒரு காரில் பிடுங்கியதை அடுத்த தெருவில் விற்றுவிடலாம். 1980களில் நியூயார்க்கில் 'ரேடியோ இல்லை' என்று அட்டையில் எழுதிக் கார்க் கண்ணாடியில் மாட்டிவைத்தார்கள். செட்டையே இழுத்து எடுத்துக் கையோடு கொண்டுபோனவர்களும் இருந்தார்கள்; பிறகு முகப்பை மட்டும் கழற்றும் செட்டுகள் வந்தன. கோட் அதே காலத்தின் மறுமொழி. பிடுங்கிக்கொண்டு போனாலும் அது பாடாது.

ஹோண்டாவின் கோட் ஐந்து இலக்கம். நிலையப் பொத்தான்கள் 1 முதல் 6 வரை இருப்பதால் இலக்கங்களும் அவற்றுக்குள்ளேயே அமைகின்றன. ஆறு பொத்தான், ஐந்து இடம்: மொத்தம் 7,776 வாய்ப்புகள். பத்து முறை தவறினால் ஒரு மணி நேரம் செட் காது கொடுக்காது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கத் துணிந்தவர் காத்திருப்பில் மட்டும் 777 மணி நேரத்தைச் செலவிட வேண்டிவரும். இரவு பகலாக 32 நாட்கள். திருட்டு ரேடியோவுக்கு எவன் அவ்வளவு பொறுமை காட்டுவான்?

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் அக்காவின் வீட்டார் புரிந்துகொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செவ்வாய் இரவு பூட்டிய செட் புதன் காலை தானாகத் திறக்கும் என்று எதிர்பார்த்தார்கள். பத்து மணி நேரம் கழிந்துவிட்டதே என்பது அவர்கள் கணக்கு. கையேடு சொல்வது வேறு: செட்டை ஒரு மணி நேரம் இயக்கத்திலேயே விட வேண்டும். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் அந்த நேரம் கணக்கில் சேராது. மூன்று இரவு காத்திருந்தும் அவர்கள் ஒரு நிமிடம்கூட முன்னேறவில்லை.

காத்திருந்த ஒரு மணி நேரம்

என்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்க முடியாது. நின்ற வாகனத்தின் என்ஜினை ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவிடக் கூடாது என்பது ரொறன்ரோ நகரத்தின் விதி. அதோடு, கராஜுக்குள் புகையை விடுவது மடத்தனம். பற்றரிக்குச் சார்ஜரைக் கொடுத்து, சாவியை முதல் நிலைக்கு மட்டும் திருப்பினேன். ரேடியோவுக்கு அது போதும். இரண்டாம் நிலைக்குப் போனால் தேவையில்லாதவை எல்லாம் மின்சாரத்தைக் குடிக்கும். செட்டின் பொத்தானை அழுத்தி, 10.40 என்று கதவில் ஒட்டிய டேப்பில் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனேன்.

அந்த இடைவெளியில் அக்காவின் மகனிடம் பேசினேன். எப்படி அழுத்தினாய் என்று கேட்டபோது அவன் சொன்னது முக்கியமானது. மூன்றாவது இலக்கத்தில் விரல் தவறினால் உடனே முதல் இலக்கத்திலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறான். நாமெல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஆனால் இந்தச் செட் ஐந்து அழுத்தங்களை ஒரு கட்டாக எண்ணுகிறது. நடுவில் திரும்பத் தொடங்கினால் புதிய எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பழைய கட்டின் வாலாகப் போய்விடும். மிச்சம் மூன்றும் அடுத்த கட்டின் தலையாகும். அதன்பின் சரியான எண்ணை அழுத்தினாலும் சரியாக விழாது. தவறிவிட்டால் எதையாவது அழுத்தி ஐந்தையும் முடித்துவிட்டு, பிழையைக் காட்டவிட்டு, புதிதாகத் தொடங்க வேண்டும். கையேட்டிலும் இதையே எழுதியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டபின் ஒன்று தெளிவாயிற்று. அவர்கள் முயன்ற பத்து முறையும் ஸ்டிக்கரில் உள்ள எண் தவறு என்பதற்குச் சான்று ஆகாது. அவற்றில் எத்தனை முறை எண் உண்மையிலேயே முழுதாகப் போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு சுத்தமான முயற்சி தேவைப்பட்டது.

11.45க்குத் திரும்பிவந்து, செட்டை அணைத்து மறுபடி இயக்கினேன். 'கோட்' என்ற சொல் மீண்டும் வந்திருந்தது. அக்காவை ஸ்டிக்கரைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லவிட்டு, ஒவ்வொன்றையும் அழுத்திக் கையை எடுத்து, திரையில் ஒரு கோடு நகர்வதைப் பார்த்தபின் அடுத்ததை அழுத்தினேன். ஐந்தாவது முடிந்தது. பிழை.

இப்போது சான்று கையில் இருந்தது. எண் அழுத்தியதில் குறை இல்லை. அந்த எண் இந்தச் செட்டுக்கு உரியது அல்ல.

அடுத்து செய்தது மிக எளிய காரியம். முதல் நாளே யாராவது செய்திருந்தால் மூன்று நாள் மிஞ்சியிருக்கும். செட்டை அணைத்தேன். 1, 6 ஆகிய இரு பொத்தான்களையும் இரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இயக்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் ஆங்கில 'யு' எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றின. அவை மறைந்ததும் 'எல்' எழுத்தும் இன்னும் நான்கு இலக்கங்களும் வந்தன. இரண்டையும் சேர்த்தால் எட்டு. இதுதான் செட் தன் வாயால் சொல்லும் தன் தொடர் எண். அதைத் தாளில் எழுதி, கையறைப் பெட்டியின் ஸ்டிக்கரில் இருந்த எட்டு இலக்கத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

இரண்டும் வேறு வேறு.

அக்கா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் இது என் காரின் ரேடியோ இல்லையா?" என்று கேட்டார். உங்கள் காரில்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் காரோடு பிறந்தது இல்லை என்று சொன்னேன். அதன்பின்தான் செட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விளிம்பை விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். கீழ் மூலையில், திருப்புளியை நுழைத்து நெம்பிய இரண்டு சிறு வடுக்கள். தொழிற்சாலையில் யாரும் அப்படி நெம்புவதில்லை.

கோட் செட்டுக்குச் சொந்தம், காருக்குச் சொந்தமில்லை. டீலர் தொலைபேசியில் சொன்ன எண்ணும் பொய்யில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்டது காரின் 17 எழுத்து வாகன எண். அதைக் கொண்டு தேடினால், தொழிற்சாலையில் அந்தக் காரில் பூட்டிய செட்டின் கோட்தான் வரும். ஸ்டிக்கரும் அதே செட்டைப் பற்றியே பேசுகிறது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்த ஒரே விடை என்பதால் ஒத்துப்போயின. அந்த ஒற்றுமையே எல்லோரையும் தவறான வழியில் உறுதியாக நடக்கவைத்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் உறைத்தது இதுதான்.

செட் எங்கிருந்து வந்தது

இந்த இடத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேறு காரின் செட் இங்கே எப்படி வந்தது? திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. அதைத் திறக்க உதவும் ஒருவன், பொருள் யாருடையது என்று கேட்காமல் திறந்தால் அவன் பூட்டின் பக்கம் நிற்கவில்லை. அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும்; ஆனாலும் கேட்டேன். அவரும் வருத்தப்படவில்லை.

காரை அவருக்கு விற்றவர் மார்க்கம் நகரத்தில் இருக்கும் ஒரு தமிழர். அக்கா அங்கேயே நின்று அவரை அழைத்தார். அவருக்கு உடனே நினைவு வந்தது. முதலில் இருந்த செட்டுக்குள் ஒரு குறுந்தட்டு சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லையாம். பழைய வாகனங்களை உடைத்துப் பாகம் விற்கும் யார்டில் இன்னொரு சிவிக்கிலிருந்து கழற்றிய செட்டை வாங்கிப் போட்டாராம். பில்லைத் தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினார். அதில் 39100 என்று தொடங்கும் பாக எண்ணும், அந்தத் தலைமுறை சிவிக்கைக் குறிக்கும் எஸ், என், ஏ எழுத்துகளும் இருந்தன. டின் அளவுக் காலம் போய், ரேடியோவின் முகப்பை ஒவ்வொரு காரின் டாஷ்போர்டுக்கும் ஏற்பத் தனியாக வடிவமைத்த காலத்துச் செட் இது. இன்னொரு சிவிக்கிலிருந்து வந்தால்தான் பொருந்தும். யார்டுக்காரர் விற்கும்போது அந்தச் செட்டின் கோட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் மட்டும் கார் கைமாறியபோது கூட வரவில்லை.

மதியம் அக்கா டீலரிடம் நேரில் போனார். கையில் காரின் உரிமைப் பத்திரம், சாரதி அனுமதிப் பத்திரம், யார்டு பில், நான் எழுதிக்கொடுத்த எட்டு இலக்கம். காரின் எண்ணைக் கொண்டு தேட வேண்டாம், செட்டின் தொடர் எண்ணைக் கொண்டு தேடுங்கள் என்று சொல்லும்படி அவரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் ஐந்து புதிய இலக்கங்களோடு திரும்பி வந்தார்.

அவரையே அழுத்தச் சொன்னேன். ஐந்தாவது பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அழுத்தினார். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு ஒலிபெருக்கிகளிலிருந்து இரைச்சல் முழு வேகத்தில் வந்து இருவரும் திடுக்கிட்டோம். நிலையங்கள் எல்லாம் அழிந்திருந்தன. அவருடைய தமிழ் நிலையத்தைத் தேடி 1ஆம் பொத்தானில் வைத்தார்.

மற்றக் கார்களில்

ஹோண்டாவை வைத்து எழுதியதை எல்லாக் காருக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. ஃபோக்ஸ்வாகன் செட்டுகளில் நான்கு இலக்கம். திரையில் 'சேஃப்' என்று வரும். பல மாடல்களில் இரண்டே முறை தவறினால் ஒரு மணி நேரப் பூட்டு. அங்கும் செட்டை இயக்கத்தில் விட்டால்தான் நேரம் ஓடும். அதே நிறுவனத்தின் பிற்காலச் செட்டுகள் காரின் மீட்டர்ப் பலகையோடு பேசித் தன் காரை அடையாளம் கண்டுகொள்ளும். அதே காரில் பற்றரி மாற்றினால் கோட் கேட்பதில்லை. பிந்தைய ஹோண்டாக்களிலும் இயக்கும் பொத்தானை இரண்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் செட் தானாகத் திறந்துகொள்ளும். ஆகவே புதிய கார் வைத்திருப்பவர்கள் எண்ணைத் தேடி அலையுமுன் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

ரெனோ செட்டுகளில் கதை வேறு. செட்டின் ஒட்டுச்சீட்டில் ஓர் எழுத்தும் மூன்று இலக்கங்களும் கொண்ட முன்குறி இருக்கும். அதிலிருந்து கோட்டைக் கணக்கிடும் சூத்திரம் நெடுங்காலத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. அப்படிப்பட்ட பூட்டைப் பூட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதே தொல்லை இன்னொரு முகத்தில் வருகிறது. ஜப்பானில் ஓடியபின் இலங்கைக்கு இறக்கிய ரொயோட்டாக்கள் சிலவற்றில், பற்றரியைக் கழற்றிப் போட்டதும் திரை முழுக்க ஜப்பானிய எழுத்தில் கடவுச்சொல் கேட்கும். கடவுச்சொல்லை வைத்தவர் கடல் கடந்து இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் என் மச்சான் இப்படி ஒரு திரையைப் படம் பிடித்து அனுப்பியபோது, திரையில் தெரியும் தொடர் எண்ணை எழுதிவை, வேறு எதையும் அழுத்தாதே என்றுதான் முதலில் சொன்னேன்.

பணம் அனுப்பினால் கோட் தருகிறோம் என்று சொல்பவர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சிலர் உண்மையிலேயே தருகிறார்கள். சிலர் பணத்தோடு மறைந்துவிடுகிறார்கள். உரிமைப் பத்திரம் கையில் இருக்கும்போது டீலரிடம் போவதே என் வழி. செட்டைத் திறந்து சிப்பை நேரடியாக வாசித்துக் கோட்டை எடுக்கும் தொழில்நுட்பரும் இருக்கிறார்கள். அது நுட்பமான வேலை. மற்ற எல்லா வழியும் அடைபட்டபின் செய்ய வேண்டியது.

இந்தச் சிவிக்குக்குப் பிறகு எங்கள் கராஜில் பற்றரி மாற்றும் முறையை மாற்றிவிட்டோம். பழையதன் கம்பியைத் தொடுமுன் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சோதனைச் சொருகியில் சிறிய 12 வோல்ட் பற்றரி ஒன்றை இணைக்கிறோம். காரின் நினைவு அறுபடாமல் நிற்கிறது. அப்போது கழற்றிய நேர்முனைக் கம்பியிலும் மின்சாரம் இருக்கும். அது காரின் உலோகத்தில் பட்டால் பொறி பறக்கும். எனவே கழற்றிய கணமே தடித்த ரப்பர் உறையை மாட்டிவிடுகிறோம்.

அக்காவின் காரில் இன்னும் ஒன்று மீதமிருந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியும் பற்றரி மாற்றியதிலிருந்து ஒரே அழுத்தில் முழுதாக ஏறாமல் இருந்தது. அதையும் மீளமைத்துக் கொடுத்தேன். கையறைப் பெட்டியில் இருந்த பழைய ஸ்டிக்கரை உரித்தேன். புதிய எட்டு இலக்கத்தையும் ஐந்து இலக்கத்தையும் ஓர் அட்டையில் எழுதி, இதைக் காருக்குள் வைக்க வேண்டாம், வீட்டில் வையுங்கள் என்று சொல்லி அக்காவின் கையில் கொடுத்தேன்.